பயின்ற நிரலிலிருந்து பயன்படும் நிரலுக்கு

கணிப்பொறிக்கு நிரல் எழுதப் பயில்வோர் தொகை நம் நாட்டில் ஆண்டுதோறும் பெருகி வருகிறது. கல்லூரிகளில் மட்டுமன்றி, இணையத்தின் வாயிலாகவும் இப்பயிற்சி எளிதிற் கிடைக்கிறது. மத்திய அரசு 2017ஆம் ஆண்டில் தொடங்கிய ஸ்வயம் தளத்தில் பைத்தான், ஜாவா முதலிய மொழிகளுக்குரிய பாடங்கள் உள்ளன. பம்பாய் ஐ.ஐ.டி.யின் ‘ஸ்போக்கன் டியூட்டோரியல்’ திட்டம் ஏறக்குறையப் பத்து நிமிட அளவுள்ள ஒளிப்பாடங்களைத் தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளில் குரல் சேர்த்து வழங்கி வருகிறது. பள்ளி ஆசிரியர்களும், வேளாண்மை, புள்ளிவிவரம், பொதுச் சுகாதாரம் போன்ற துறைகளின் களப்பணியாளர்களும் மாலை வேளைகளில் இவற்றைப் பின்பற்றி முனைந்து பயில்கின்றனர்.

பாடம் நடக்கும்வரை தொல்லையில்லை. ஆசிரியர் எழுதுவதைப் பார்த்து எழுதினால் நிரல் ஓடுகிறது, விடை வருகிறது. பாடம் முடிந்தபின், தம் அலுவலுக்குத் தேவையான ஒரு சிறு நிரலைத் தாமே எழுத அமரும்போதுதான் பலருக்கும் கை ஓடுவதில்லை. முதல் வரி யாது என்பதே விளங்குவதில்லை. கற்றவை யாவும் மறந்துபோயினவோ என்னும் ஐயம் பிறக்கிறது. உடனே அவர்கள் முதற் பாடத்துக்கே திரும்பிவிடுகின்றனர். அல்லது வேறொரு மொழியின் பாடத்தைத் தேடிச் செல்கின்றனர். மேனாட்டில் இந்நிலைக்குப் ‘பயிற்சிப் பாட நரகம்’ என்றே பெயரிட்டு வழங்குகின்றனர். பெயர் சற்றுக் கடுமையானதே. ஆயினும், அதில் ஓராண்டு உழன்றவர் அப்பெயரை மறுக்கமாட்டார்.

கற்றது எங்கே நின்றுவிடுகிறது?

இந்த இடர்ப்பாடு சோம்பலாலோ அறிவுக் குறைவாலோ விளைவதன்று. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எலியட் சோலோவே என்பாரும் அவர்தம் குழுவினரும் 1980களில் மாணவர்களுக்கு ஓர் எளிய கணக்கைக் கொடுத்தனர். எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். 99999 என்ற எண் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதுவரை வந்தவற்றின் சராசரியைத் தரவேண்டும். நாளடைவில் இவ்வெண்கள் மழையளவாகக் கூறப்பட்டமையால் இது ‘மழைக் கணக்கு’ என்றே பெயர்பெற்றது. முதற் பாடத்திட்டத்தை முடித்திருந்த மாணவருட் பெரும்பாலோரால் இதனைப் பிழையின்றி எழுத இயலவில்லை. நிறுத்தக் குறியாகிய 99999ஐயும் மழையோடு சேர்த்துக் கூட்டிவிடுவதும், ஓர் எண்ணும் வாராதபோது சுழியத்தால் வகுக்க முற்படுவதும் இக்கணக்கில் இன்றும் காணப்படும் பிழைகளாகும்.

அம்மாணவர்கள் கூட்டல் அறியாதவர்கள் அல்லர். மடக்கு எழுதத் தெரியாதவர்களும் அல்லர். கூட்டுவது, எண்ணுவது, நிறுத்துவது, வகுப்பது ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே அறிந்திருந்தனர். அவற்றை ஒன்றோடொன்று முரணாமல் பொருத்துவதே அவர்களுக்குக் கைவரவில்லை. சோலோவே கண்ட முடிவும் இதுவே. மொழியின் இலக்கணத்தைக் கற்பிப்பதில் ஆசிரியர்கள் காட்டும் கவனம், உறுப்புகளை இணைக்கும் முறையைக் கற்பிப்பதிற் காட்டப்படவில்லை என்பது அவருடைய குறை. 2001ஆம் ஆண்டில் மைக்கேல் மெக்கிராக்கன் தலைமையில் பல நாட்டு ஆசிரியர்கள் அடங்கிய ஒரு குழு, 4 பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த 216 மாணவர்களைச் சோதித்தது. 110 மதிப்பெண்ணுக்கு அவர்கள் பெற்ற சராசரி 22.89 மட்டுமே. ஆகவே, வெற்றுத் திரையின்முன் திகைத்து அமரும் ஆசிரியர் தனியராக அமர்ந்திருக்கவில்லை எனலாம்.

தையற்காரர் சாக்குக் கட்டியால் கோடிட்டுக் கொடுத்த துணியைத் தைப்பது ஒரு திறமை. ஆளை அளந்து, துணியை வெட்டுவது மற்றொரு திறமை. முதலாவதை எத்தனை முறை செய்தாலும் இரண்டாவது தானாக வந்துவிடாது. பயிற்சிப் பாடத்தில் அளப்பதும் வெட்டுவதும் பாடம் நடத்துபவரின் வேலையாகவே முடிந்துவிடுகின்றன. எந்த விவரத்தை எந்த மாறியில் வைப்பது, எதை முதலிற் செய்வது, எதை விட்டுவிடுவது என்னும் முடிவுகள் அனைத்தையும் அவர் படப்பிடிப்புக்கு முன்பே எடுத்துவிட்டார். அவர் தடுமாறிய இடங்களும் பாடத்திலிருந்து வெட்டி எறியப்பட்டுவிட்டன. கற்பவர் காண்பது முடிந்த சட்டையை மட்டுமே.

இதனால் பயிற்சிப் பாடங்களே வேண்டா என்று கொள்ளுதல் தவறாகும். ஆஸ்திரேலியாவில் ஜான் ஸ்வெல்லர், கிரஹாம் கூப்பர் ஆகியோர் இயற்கணிதம் பயிலும் மாணவர்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 1985இல் வெளியாயிற்று. தொடக்க நிலையில், கணக்குகளைத் தாமே போட முயன்றவர்களைவிட, செய்துகாட்டப்பட்ட கணக்குகளை ஆழ்ந்து படித்தவர்கள் விரைவாகக் கற்றனர் என்பது அதன் முடிவு. ஆயின், கற்பவர் தேர்ச்சி அடையுந்தோறும் இவ்வாதாயம் குறைந்துகொண்டே போகிறது. ஒரு நிலைக்குப்பின் அதே வழிகாட்டுதல் இடையூறாகவும் மாறிவிடுகிறது. கலியுகா என்பாரும் ஸ்வெல்லர் உள்ளிட்ட சிலரும் 2003இல் இதனை விரிவாக எடுத்துக்காட்டினர். நடைவண்டி நடக்கக் கற்பிக்கிறது. ஓடப் பழகும்போது அதுவே காலைத் தடுக்கிறது.

புரிந்துவிட்டது என்னும் உணர்வும் நம்பத்தக்கதன்று. 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இரு உளவியல் அறிஞர்கள் ஓர் உரைப்பகுதியை மாணவர்களுக்குக் கொடுத்தனர். சிலர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தனர்; வேறு சிலர் ஒருமுறை படித்தபின் நூலை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முன்னின்றனர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நினைவிலிருந்து எழுதியவர்கள் அவர்களை முந்திவிட்டனர். ஒளிப்பாடத்தை இரண்டாம் முறை பார்ப்பவருக்கு எல்லாம் தெளிவாக இருப்பதுபோல் தோன்றுவதும், மறு வாரம் ஒன்றும் நினைவில் நில்லாமற் போவதும் இதனால் விளங்கும். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் திரையை மூடிவிட்டு, அதே நிரலைப் பாராமல் எழுதிப் பார்ப்பதும், பின்னர் அதில் ஒரு கூற்றை மாற்றி எழுதிப் பார்ப்பதும் நடைவண்டியை விடுவதற்கு முதற்படியாகும்.

முதல் வேலையைத் தேர்ந்தெடுத்தல்

தாமே எழுதும் முதல் நிரல் எத்தகையதாக இருக்கவேண்டும்? புதியவர் பலர் இரயில் முன்பதிவுத் தளத்தைப் போன்ற ஒன்றையோ, ஊர் முழுவதும் கைப்பேசியிற் பயன்படுத்தும் செயலி ஒன்றையோ கட்டிவிட வேண்டும் என்று எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் மூன்று மாலைகளுக்குமேல் நிலைத்ததாகக் கேட்பது அரிது. முதல் வேலைக்கு உரிய விவரங்கள் முன்பே கையில் இருக்கவேண்டும். அதன் விடையைத் தாளும் எழுதுகோலும் கொண்டு சரிபார்க்கக் கூடியதாக இருக்கவேண்டும். அவ்விடைக்காகக் காத்திருப்பவர் ஒருவரேனும் இருக்கவேண்டும். மதிய உணவுக்கான அரிசி இருப்புக் கணக்கு, பள்ளி நூலகத்தில் திரும்பி வாராத புத்தகங்களின் பட்டியல், வட்டார மழைப் பதிவேடு ஆகியவை இவ்வகையின. இவை பார்ப்பதற்குச் சிறியவை. உள்ளே புகுந்து பார்த்தால் அவ்வளவு சிறியவை அல்ல.

மழைப் பதிவேட்டையே எடுத்துக்கொள்வோம். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் முறைப்படி, மழைமானியில் சேர்ந்த நீர் ஒவ்வொரு நாளும் காலை 8.30 மணிக்கு அளக்கப்படுகிறது. முந்திய 24 மணி நேரத்தில் பெய்த மழை, அளந்த நாளின் கணக்கிலேயே எழுதப்படும். 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பதிவான நாள் ‘மழை நாள்’ எனப்படும். 64.5 முதல் 115.5 மி.மீ. வரை கனமழை, 115.6 முதல் 204.4 மி.மீ. வரை மிகக் கனமழை. அதற்கு மேற்பட்டது அதி கனமழை. மாதத்தின் மொத்த மழை, மழை நாட்களின் எண்ணிக்கை, மிகுதியாகப் பெய்த நாள் ஆகிய மூன்றையும் தரும் நிரல் ஒன்று வேண்டும் என்று கொள்வோம். பைத்தான் மொழியில் தொடக்கப் பாடங்களை முடித்தவர் எவரும் இதற்குத் தேவையான உறுப்புகளை அறிந்தவரே.

தாளில் தொடங்கும் வேலை

ஐ.பி.எம். நிறுவனத்தின் 360 கணிப்பொறிக்குரிய பெரும் மென்பொருளை உருவாக்கும் பணிக்குத் தலைமை வகித்த பிரெடரிக் புரூக்ஸ், 1975இல் வெளியிட்ட தம் நூலில் ஒரு கணக்குத் தருகிறார். வேலைக்குரிய காலத்தில் மூன்றில் ஒரு பங்கு திட்டமிடுவதற்கும், பாதி சோதிப்பதற்கும் ஆகும். நிரல் எழுதுவதற்கு ஆவது ஆறில் ஒரு பங்கே. பயிற்சிப் பாடங்கள் கற்பிப்பது பெரும்பாலும் இந்த ஆறில் ஒரு பங்கைத்தான் என்பதை நோக்கின், மற்றைய ஐந்து பங்கையும் எதிர்ப்படும்போது கற்பவர் திகைப்பதில் வியப்பில்லை. துளையட்டைகளில் நிரலைப் பதித்துக் கொடுத்துவிட்டு விடைக்காகக் காத்திருந்த காலத்தில், 1963இல் ஐ.பி.எம். 1620 கணிப்பொறி வந்திறங்கிய கான்பூர் ஐ.ஐ.டி. போன்ற இடங்களில், தாளில் முழுவதையும் சிந்தித்துப் பாராமல் யாரும் அட்டையைத் தொட்டிருக்கமாட்டார்கள். இப்போது விடை நொடியில் வந்துவிடுகிறது. அவ்வசதியே சிந்திக்காமல் எழுதுவதற்குத் தூண்டுதலாகவும் அமைந்துவிட்டது.

ஆகவே, கணிப்பொறியைத் திறப்பதற்கு முன்பு, பதிவேட்டின் ஒரு பக்கத்திலிருந்து ஆறு நாட்களின் விவரத்தை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். முதல் நாள் 12.4, இரண்டாம் நாள் 0, மூன்றாம் நாள் கட்டம் காலியாக உள்ளது, நான்காம் நாள் 30.2; ஐந்தாம் நாள் ‘தூறல்’, அதாவது 0.1 மி.மீ.க்கும் குறைவு என்னும் குறிப்பு. ஆறாம் நாள் 7.0 என்று வைத்துக்கொள்வோம். கையாற் கூட்டினால் மொத்தம் 49.6 மி.மீ.; மழை நாள் மூன்று; மிகுதியாகப் பெய்தது நான்காம் நாள். இந்த ஆறு வரிகளே நிரலுக்கு உரைகல்லாகும். நிரல் எந்த நிலையிலும் இவ்விடைகளைத் தரவேண்டும். தரவில்லையெனில் மேற்கொண்டு ஒன்றும் எழுதலாகாது.

இதனை எழுதி முடித்தவுடனே பாடத்தில் வாராத கேள்விகள் எழுகின்றன. மூன்றாம் நாளின் காலிக் கட்டத்துக்கு என்ன பொருள்? மழை இல்லை என்பதா, அளக்கவில்லை என்பதா? மழை இல்லையெனில் சுழியம் எழுதப்பட்டிருக்கும். இரண்டாம் நாள் அவ்வாறே எழுதப்பட்டுள்ளது. எனவே அது அளக்கப்படாத நாள். அதனைச் சுழியமாகக் கொண்டால் நாட்சராசரி 49.6ஐ 6ஆல் வகுத்து 8.27 ஆகிறது; அளந்த ஐந்து நாட்களுக்கு மட்டும் வகுத்தால் 9.92. இரண்டும் ஒரே பதிவேட்டிலிருந்து வந்த விடைகள்!

இவ்வேறுபாடு கணக்குப் பிள்ளையின் நுணுக்கம் என்று ஒதுக்கத்தக்கதன்று. ஓரிடத்தின் மழை அதன் நெடுங்காலச் சராசரியிலிருந்து 19 சதவீதம் வரை கூடியோ குறைந்தோ இருப்பின் அது வழக்கமான மழை என்றும், 20 முதல் 59 சதவீதம் வரை குறையுமாயின் பற்றாக்குறை மழை என்றும் வானிலைத் துறை வகுத்துள்ளது. நெடுங்காலச் சராசரி 180 மி.மீ. உள்ள ஒரு மாதத்தில் 140 மி.மீ. பதிவாயிற்று எனக் கொள்வோம். குறைவு 22 சதவீதம்; ஆகவே பற்றாக்குறை. ஆனால் அம்மாதத்தில் ஐந்து நாட்கள் அளக்கப்படவே இல்லை என்றால்? அந்நாட்களில் 6 மி.மீ. மழை பெய்திருந்தாலும் அவ்விடம் வழக்கமான மழை பெற்ற இடமாகிவிடும். அளக்காத நாட்களைப் பேசாமல் சுழியமாக்கிவிடும் நிரல், பெய்த மழையை இல்லையென்று எழுதிவிடுகிறது. அவ்வறிக்கையைக் கொண்டு பயிர் நிலையை மதிப்பிடுபவருக்கு அது தெரியவும் வாய்ப்பில்லை. ஆகவே, நிரல் தரவேண்டிய விடைகள் மூன்று அல்ல, நான்கு. ‘அளக்கப்படாத நாட்கள் இத்தனை’ என்பது நான்காவது. இந்தத் தேவை எந்தப் பயிற்சிப் பாடத்திலிருந்தும் வந்திருக்க முடியாது, பதிவேட்டிலிருந்தே வந்தது.

அளப்பவர் ஞாயிற்றுக்கிழமை வாராதிருந்து, திங்களன்று இரண்டு நாள் மழையையும் சேர்த்து அளந்து அதற்கொரு குறிப்பு எழுதியிருப்பாரானால், மற்றொரு சிக்கல் தோன்றும். மாத மொத்தம் சரியாகவே இருக்கும்; மழை நாட்களின் எண்ணிக்கையும் மிகுதியாகப் பெய்த நாளும் தவறிவிடக்கூடும். 40 மி.மீ. வீதம் இரு நாள் பெய்த மழை, ஒரே நாளில் 80 மி.மீ. பெய்த கனமழையாகத் தோன்றும். இதற்கு நிரலால் விடை காண முடியாது. அந்நாளைத் தனியே குறித்துக்காட்டிப் பார்ப்பவரின் தீர்ப்புக்கு விடுவதே செய்யத்தக்கது. எதை நிரலிடம் விடக்கூடாது என்று அறிவதும் நிரல் எழுதுவதன் ஒரு பகுதியே.

சிறிது சிறிதாக எழுதுதல்

இனி எழுதத் தொடங்கலாம். முதல் நாள் எழுதும் நிரல், கோப்பைத் திறந்து ஆறு வரிகளையும் அப்படியே திரையில் அச்சிட்டாற் போதும். அது ஓடியபின், எண்களை மட்டும் பிரித்தெடுக்கும்படி செய்யவேண்டும், பிறகு கூட்டல், பிறகு மழை நாள். ஒவ்வொரு படியிலும் நிரல் முழுமையாக ஓடவேண்டும். இருநூறு வரிகளை ஒரே மூச்சில் எழுதிவிட்டு இறுதியில் ஓட்டிப் பார்ப்பவர், பிழை எந்த வரியில் உள்ளது என்று தேடுவதிலேயே சோர்ந்துபோவார். நான்கு வரி சேர்த்தவுடன் ஓட்டிப் பார்ப்பவருக்குத் தேடவேண்டிய இடம் நான்கு வரிகளே.

படித்தல், சரிபார்த்தல், கணக்கிடல், அச்சிடல் ஆகியவற்றைத் தனித்தனிச் செயற்கூறுகளாகப் பிரித்து வைப்பது நலம். இது நூல்களில் ஒழுங்குக்காகக் கூறப்படும் விதியாகத் தோன்றலாம். பதிவேடு எக்செலில் இருந்து வேறொரு வடிவத்துக்கு மாறும்போது, படிக்கும் செயற்கூறு ஒன்றை மட்டும் மாற்றினாற் போதும் என்பதைக் கண்டவரே இதன் அருமையை அறிவர்.

எண்களைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை வேண்டும். பைத்தானில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று விடை வரும். கணிப்பொறி பின்னங்களை இரண்டின் அடிமானத்தில் வைப்பதால், 0.1 என்பதை அதனாற் சரிநுட்பமாகக் குறிக்க இயலாது. பத்தடிமானத்தில் மூன்றில் ஒன்றை நம்மால் முடிவுபெற எழுத இயலாதது போன்றதே இது. மழையை மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்காகவே அளக்கிறோம். எனவே 12.4ஐ 124 என்று முழு எண்ணாக வைத்துக் கூட்டி, அச்சிடும்போது மட்டும் பத்தால் வகுத்தால் இத்தொல்லை எழாது.

தேதிகள் இதனினும் பொல்லாதவை. 03/04 என்பது இந்தியருக்கு ஏப்ரல் 3. அமெரிக்கருக்கு மார்ச் 4. எக்செல் தானாகவே சில சொற்களைத் தேதியாக மாற்றிவிடும் இயல்பும் உடையது. மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் பன்னாட்டுக் குழு, ‘மார்ச்1’, ‘செப்ட்1’ என்னும் மரபணுப் பெயர்கள் எக்செலில் தேதிகளாக மாறிவிடுவதைக் கண்டு, 2020இல் அவற்றின் பெயர்களையே மாற்றும்படி நேர்ந்தது. உலக விஞ்ஞானிகள் ஒரு மென்பொருளின் பழக்கத்துக்குப் பணிந்து பெயரை மாற்றியது வேடிக்கையாகத் தோன்றலாம். பதிவேட்டில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியை எழுதி வைப்பவருக்கு இக்குழப்பத்திற் பெரும்பகுதி நேராது.

பிழைகள்

பயிற்சிப் பாடத்தில் பிழை வருவது அரிது. வந்தால் எழுத்துப் பிழையாகவே இருக்கும். சொந்த வேலையில் பிழையே நாள்தோறும் காணும் முகம். இவ்வநுபவம் கணிப்பொறியின் வரலாற்றைப் போலவே பழையது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ் தலைமையில் அமைக்கப்பட்ட எட்சாக் கணிப்பொறி 1949 மே 6 அன்று முதன்முதலாக ஓடி, எண்களின் வர்க்க அட்டவணையை அச்சிட்டது. அது கற்பவரின் முதற்பாடத்தை ஒத்த எளிய நிரல். அதன்பின் வில்க்ஸ், வகைக்கெழுச் சமன்பாடு ஒன்றைத் தீர்க்க 126 வரிகள் கொண்ட நிரலை எழுதினார். பிற்காலத்தில் அந்நிரலின் காகித நாடா கிடைத்து ஆராயப்பட்டபோது, அதில் ஏறத்தாழ இருபது பிழைகள் இருந்தமை தெரியவந்தது. தம் வாழ்நாளில் எஞ்சிய காலத்தின் பெரும்பகுதி தம் நிரல்களின் பிழைகளைத் தேடுவதிலேயே கழியப்போகிறது என்பது அப்போது தமக்கு உறைத்ததாக வில்க்ஸ் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார். கணிப்பொறியைக் கட்டியவருக்கே ஆறு வரிக்கு ஒரு பிழை!

பைத்தான் தரும் பிழைச் செய்தியைக் கீழிருந்து மேலாகப் படிக்கவேண்டும். கடைசி வரி பிழை இன்னதென்று கூறும். அதற்கு மேலுள்ள வரிகள் அது நேர்ந்த இடத்தைக் காட்டும். காலிக் கட்டத்தை எண்ணாக மாற்ற முயன்றால், மாற்ற இயலாது என்று நிரல் நின்றுவிடும். நின்றுவிடும் பிழை நல்ல பிழை. நில்லாமல் தவறான விடையைத் தரும் பிழையே அஞ்சத்தக்கது. அதற்காகவே கையாற் போட்ட கணக்கு இருக்கிறது. ஆறு வரி மாதிரியோடு, ஒருநாள்கூட அளக்கப்படாத ஒரு மாதத்தையும், 29 நாள் கொண்ட பெப்ரவரி ஒன்றையும், மழையளவுக்குப் பதில் வேறு சொல் எழுதப்பட்ட வரி ஒன்றையும் தனிக் கோப்புகளாக வைத்துக்கொண்டு, நிரலை மாற்றும்போதெல்லாம் அவற்றையும் ஓட்டிப் பார்க்கவேண்டும். ஒருநாளும் அளக்கப்படாத மாதத்துக்குச் சராசரி சுழியம் என்று விடை வருமானால், சோலோவேயின் மாணவர்கள் தடுக்கி விழுந்த இடத்திலேயே நிரலும் விழுந்தது என்று அறியலாம். ‘கணக்கிட இயலாது’ என்பதே சரியான விடை.

நன்றாக ஓடிய நிரல், மாற்றியபின் ஓடாமற் போவதும் உண்டு. பழைய படியை வைத்திராதவருக்கு அப்போது திரும்பிச் செல்ல வழியில்லை. லினக்ஸ் மென்பொருளைத் தோற்றுவித்த லீனஸ் டார்வால்ட்ஸ், அதன் மாற்றங்களைக் கண்காணிப்பதற்காக 2005இல் ‘கிட்’ என்னும் கருவியை எழுதினார். இன்று உலகெங்கும் நிரலர்கள் அதனையே கையாளுகின்றனர். அதன் கட்டளைகளுள் நான்கைந்து தெரிந்தாற் போதும்; தொடக்கத்தில் அதுவும் வேண்டாவெனில், ஒவ்வொரு மாலையிலும் தேதியிட்ட நகல் ஒன்றை எடுத்து வைப்பதே அதன் எளிய வடிவம்.

நிற்க, 2022ஆம் ஆண்டின் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்தபின், நிரலை எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எல்லோருக்கும் கிடைக்கின்றன. மழைக் கணக்கைச் சொன்னவுடன் அவை முழு நிரலையும் எழுதிக் கொடுத்துவிடும். பிழைச் செய்தியின் பொருளைக் கேட்டறியவும், மறந்துபோன கட்டளையை நினைவூட்டிக்கொள்ளவும் இவை மிகவும் பயன்படும். ஆயின், காலிக் கட்டம் எதைக் குறிக்கிறது என்பது அக்கருவிக்குத் தெரியாது. பதிவேட்டை எழுதியவருக்கே தெரியும். சொல்லாமல் விட்டால் அது ஏதேனும் ஒன்றைத் தானே கொண்டு, தயங்காமல் எழுதிவிடும். கற்கும் நிலையில் இருப்பவர் முதலில் தாமே எழுதி முயன்று, பிறகு அதனிடம் கேட்டு ஒப்பிடுவதே தக்கது. முன்பே கேட்டுவிட்டால், அது மற்றுமோர் ஒளிப்பாடமாகவே முடியும்.

வகுப்பில் இதனைக் கற்பிக்கும் ஆசிரியருக்கு ஒரு வழியுண்டு. முழு நிரலைச் செய்துகாட்டுவதற்கும் வெற்றுத் தாளைக் கொடுப்பதற்கும் இடையில் பல படிகள் உள்ளன. முதலில் கடைசிச் செயற்கூறு மட்டும் இல்லாத நிரலைக் கொடுத்து அதனை எழுதச் சொல்லலாம். அடுத்து இரண்டு குறைத்துக் கொடுக்கலாம். பிறகு செயற்கூறுகளின் பெயர்களை மட்டும் கொடுக்கலாம். இறுதியில் பதிவேட்டை மட்டும் கொடுக்கலாம். மாணவர்கள் கொண்டுவரும் நிரல்கள் ஒன்றுபோல் இரா. ஒன்றுபோல் இருப்பின், அவை ஒரே இடத்திலிருந்து வந்தவை என்று ஐயுறலாம்.

தமக்காக எழுதிய நிரல் தம் மேசையில் ஓடுகிறது என்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. தனியொருவர் தமக்கென எழுதிய நிரலை, பிறரும் நம்பிக் கையாளத்தக்க பொருளாக்குவதற்கு மூன்று மடங்கேனும் உழைப்பு வேண்டும் என்று புரூக்ஸ் கணக்கிட்டார். அடுத்த வட்டாரத்தின் மழைப் பதிவேட்டை அதில் இட்டுப் பார்க்கும் நாளில் இது விளங்கும். அங்கே தேதி வேறு வரிசையில் இருக்கும், அளக்கப்படாத நாளுக்குக் காலிக் கட்டத்துக்குப் பதில் ஒரு கோடு இழுத்திருப்பர், தூறலுக்கு வேறொரு குறி இருக்கும், ஓரிடத்தில் 12.4க்குப் பதில் 124 என்று புள்ளி விடுபட்டிருக்கும். கடைசியிற் கூறியதை நிரல் மிகக் கனமழையென்று அறிவிக்கும். அத்தகைய நாட்களை மட்டும் ஒரு பட்டியலாக அச்சிட்டுப் பதிவேட்டோடு ஒப்பிடக் கேட்கும் செயற்கூறு ஒன்று அப்போது தேவைப்படும். அதனை எவ்வாறு எழுதுவது என்று இதற்குள் அவருக்குத் தெரிந்திருக்கும்.